28 கிலோ மாவின் கணக்கு

வணக்கம். திண்டுக்கல்லில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. எல்லா வேலைக்கும் நான் ஒருத்திதான். தினமும் 10 கிலோ அரிசி போட்டு ஐந்து மளிகைக் கடைகளுக்குப் பாக்கெட் கொடுக்கிறேன். விற்காததைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். வெயில் ஏறியதிலிருந்து பாக்கெட் உப்பிப் புளித்தும் போகிறது. வேலை ஓயவில்லை, கையில் காசும் நிற்கவில்லை. 10 லிட்டர் கிரைண்டரைக் கொடுத்துவிட்டு 20 லிட்டர் வாங்கினால் கட்டுப்படி ஆகுமா?
– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கிரைண்டரை இப்போது மாற்ற வேண்டாம். முதலில் ஒரு நாள் கணக்கை எழுதிப் பார்ப்போம். விலையெல்லாம் கணக்குக்காகப் போடுவதுதான்; உங்கள் மொத்தக் கடை விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

10 கிலோ இட்லி அரிசி, கிலோ 45 என்றால் 450 ரூபாய். நாலுக்கு ஒன்று என்று இரண்டரை கிலோ உருட்டு உளுந்து, கிலோ 130 வீதம் 325. வெந்தயமும் உப்பும் 11. கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் சேர்த்துக் கரண்ட் 40, கவர் 50, பெட்ரோல் 54. ஆக 930 ரூபாய். தண்ணீர் சேர்ந்து இதில் சுமார் 28 கிலோ மாவு காணும். ஒரு கிலோ பாக்கெட் விலை 50 என்று வைத்துக் கடைக்காரருக்குப் பத்து ரூபாய் விட்டால் உங்களுக்கு வருவது 1,120. மிச்சம் 190. அதில் மூன்று பாக்கெட் திரும்பி வந்தால் வரவு 1,000. மிச்சம் 70 ரூபாய்தான். ஊற வைப்பதிலிருந்து கடையில் கொண்டுபோய் வைப்பது வரை ஐந்தாறு மணி நேர உழைப்புக்குக் கூலி அது. காசு நிற்காததற்குக் காரணம் அளவு குறைவு என்பதல்ல. உங்கள் கூலி கமிஷனாகவும் ரிட்டனாகவும் வெளியே போகிறது.

இதே 28 கிலோ, முதல் நாளே சொல்லி வைத்த வீடுகளுக்கு 50 ரூபாய்க்குப் போனால் 1,400 வரும். மிச்சம் 470, ரிட்டன் கிடையாது. எனவே கடைகளைக் குறைத்து வீடுகளைக் கூட்டுங்கள். உங்கள் தெருவும் அடுத்த இரண்டு தெருக்களும் போதும். இரவு எட்டு மணிக்குள் வாட்ஸ்அப்பில் எத்தனை கிலோ என்று வாங்கிக்கொண்டு, அந்த அளவுக்கு மட்டும் மறுநாள் ஊற வையுங்கள். வீட்டுக்காரர்களையே தூக்குவாளியோ டப்பாவோ கொண்டுவரச் சொல்லுங்கள். கவர் செலவு மிச்சம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் இங்கே தடை இருப்பதால் அந்தத் தொல்லையும் குறையும். கடை வேண்டும் என்றால் ஒன்றிரண்டு போதும்; கைக்காசு, ரிட்டன் இல்லை, கமிஷன் ஐந்தாறு ரூபாய் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஒத்துவராத கடையை விட்டுவிடலாம்.

அளவைக் கூட்டினால் எங்கே முட்டும் என்பதையும் பாருங்கள். 10 லிட்டர் டில்டிங் (சாய்த்து மாவு எடுக்கும்) கிரைண்டரில் ஒரு ஈடுக்கு மூன்று, நான்கு கிலோ அரிசி ஓடும். உங்கள் அளவுக்கு அரைக்கும் நேரமே இரண்டரை மணிக்குள்தான். மீதி நேரத்தைத் தின்பது கழுவுவதும், எடைபோட்டுக் கட்டுவதும், கொண்டுபோய்க் கொடுப்பதும். 20 லிட்டர் கிரைண்டர் இதில் எதையும் குறைக்காது. அதோடு 56 கிலோ மாவை வீட்டு ஃப்ரிட்ஜ் குளிர வைக்கவே முடியாது.

புளிப்பும் உப்பலும் மாவு சரியாகக் குளிராததால் வருகின்றன. மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்திலும் அரிசியிலுமே இருக்கின்றன. 30 டிகிரிச் சூட்டில் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும்; அப்போது வரும் கரியமில வாயுதான் கவரை உப்ப வைக்கிறது. வெதுவெதுப்பான மாவைக் கட்டி ஒன்றின் மேல் ஒன்றாக ஃப்ரிட்ஜில் அடுக்கினால் நடுவில் இருப்பது விடியும் வரை குளிராமல் உள்ளே பொங்கிக்கொண்டே இருக்கும். பாக்கெட்டைத் தட்டையாகப் படுக்க வைத்து இடையில் விரல் நுழையும் இடம் விடுங்கள். அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் தெளியுங்கள், கல்லின் சூடு மாவில் ஏறாது. பாக்கெட் மாவைப் பொங்க வைத்துக் கட்டாமல், அரைத்த கையோடு கட்டிக் குளிரில் வையுங்கள். எத்தனை மணி நேரம் வெளியே வைத்துப் பொங்கவிட வேண்டும் என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். இரவில் ஃப்ரிட்ஜை அணைக்கும் கடைக்கு மாவு கொடுக்கவே கூடாது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. குழவியைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கல்லும் இரும்பும் சேரும் இடுக்கில், நடுத்தண்டைச் சுற்றி, மாவு வழிக்கும் பலகையின் பின்புறம் நேற்றைய மாவு காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருக்கும். அதுவே இன்றைய மாவுக்குப் புளித்த உறை. தினமும் பிரஷ் போட்டுச் சுடுதண்ணீரில் கழுவினாலே பாதிப் புளிப்பு போய்விடும். உளுந்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊற விடாதீர்கள், பொங்குதல் குறையும், மாவு காணாது. தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து அரை மணி நேரம் ஆட்டுங்கள். ஒரு சொட்டு மாவு தண்ணீரில் மிதந்தால் பதம் சரி. உளுந்தை வழித்த கல்லிலேயே அரிசியைப் போட்டு, ரவைப் பதத்தில் எடுத்துவிடலாம்.

தனி ஆளுக்குப் பெரிய அடி மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9 முதல் மாலை வரை கரண்ட் இருக்காது. முதல் நாளே அறிவிப்பைப் பார்த்து, அன்றைக்கு விடுமுறை என்று வீடுகளுக்குச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் ஊற வைத்துவிட்டால் தண்ணீரை வடித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாள் அரைக்கலாம்.

காகித வேலை சுருக்கம்தான். உணவுப் பாதுகாப்புப் பதிவு சிறு உற்பத்தியாளருக்கு ஆண்டுக்கு 100 ரூபாய். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. காசு கேட்கும் இணையதளங்களை நம்ப வேண்டாம். எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை வைக்க வேண்டும். பாக்கெட்டில் பெயர், முகவரி, எடை, தயாரித்த தேதி, விலை, பதிவு எண் இருக்கட்டும். வீட்டு மின் இணைப்பில் விற்பனைக்கு அரைப்பது சோதனையில் சிக்கினால் அபராதம் வரும். அதனால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுத் தனி இணைப்பு வாங்கிவிடுங்கள்.

கிரைண்டருக்கு என்று வைத்திருக்கும் பணத்தில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று கூடுதலாக வாங்குங்கள். வாங்குமுன் ஒரு இரவு ஓடவிட்டு, உள்ளே வெப்பமானி வைத்து 5 டிகிரிக்குக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள்.