பழைய ஒஸ்ரின் காரை பொசிற்றிவ் ஏர்த்தில இருந்து நெகற்றிவ் ஏர்த்துக்கு மாத்திறதெண்டா முழு வயறிங்கும் மாத்த வேணுமோ?

தேவையில்லை. பற்றரியிண்ட பொசிற்றிவ்வை கார்ப் பொடியில கொழுவினா பொசிற்றிவ் ஏர்த், நெகற்றிவ்வைக் கொழுவினா நெகற்றிவ் ஏர்த், அவ்வளவுதான். முழு வயறிங்கும் மாத்த வேணும், கார் ஓடேக்க கரண்ட் தாற டைனமோவைக் கழட்டி எறிஞ்சுபோட்டு அதுக்குப் பதிலா ஜப்பான் ஓல்ரனேற்றர் பூட்ட வேணும் எண்டு உங்களுக்குச் சொன்ன ஆள் ஒண்டில் வேலை தெரியாத ஆள், இல்லாட்டி உங்களைத் தெரிஞ்ச ஆள். கேள்வியில நீங்கள் எழுதேல்லை, ஆனா நெகற்றிவ் ஏர்த்துக்கெண்டு செய்த ஃபோன் சார்ஜரோ புது ரேடியோவோ பூட்டப் போய்த்தான் இந்தக் கதை வந்திருக்கும். எல்லாருக்கும் அங்கதான் தொடங்குறது.

எங்களிட்ட இருக்கிறது ஏ40 சொமசெற். 1952க்கும் 54க்கும் இடையில வந்த மொடல், அப்பா யாழ்ப்பாணத்தில ஹயர் ஓடின கார். 90களில பொருளாதாரத் தடை நேரம் பெற்றோல் கண்ணால காண ஏலாது. கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயில ஓடினது. பற்றரியும் தடையெண்டபடியா சைக்கிளைக் கவிட்டுவைச்சு பெடலைச் சுத்தி டைனமோ கரண்டில ரேடியோ கேட்ட சனம் நாங்கள். அந்தச் சனத்துக்கு ஒரு கராஜ்காரர் சொல்லுறார், "தம்பி, உந்த டைனமோ பொசிற்றிவ் ஏர்த்துக்கெண்டே செய்தது, உது மாறாது" எண்டு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. அப்பா ஒண்டும் கதைக்கேல்லை, வாங்கோ வீட்ட போவம் எண்டார்.

வீட்டு முற்றத்தில வைச்சுத்தான் மாத்தினது. பல்ப், ஹோர்ன், சைட்டில கை மாதிரி எழும்புற சிக்னல், உதுகளுக்கு கரண்ட் எந்தப் பக்கத்தால வந்தாலும் ஒண்டுதான். ஸ்ராட்டர் மோட்டரும் அப்பிடித்தான், உள்ளுக்க காந்தம் இல்லை, முழுக்கச் சுருள், ரெண்டும் சேர்ந்து மாறுறதால சுத்துற பக்கம் மாறாது. பயப்பிட வேண்டியது டைனமோவும், பிளக்குக்கு ஸ்பாக் குடுக்கிற கொயிலும்தான்.

டைனமோ எந்தப் பக்கம் கரண்ட் தரும் எண்டதை அதுக்குள்ள இரும்பில மிச்சம் நிக்கிற காந்தம்தான் தீர்மானிக்கிறது. அந்தக் காந்தத்தைத் திருப்பினாக் காணும். முதல்ல பற்றரியைக் கழட்டித் திருப்பி வைச்சு, நெகற்றிவ்வை பொடிக்கும் பொசிற்றிவ்வை மற்றப் பக்கத்துக்கும் குடுங்கோ (பொசிற்றிவ் கம்பம் மொத்தம், நெகற்றிவ் மெல்லிசு, அதால பழைய கிளாம்ப் மாறிப் பொருந்தாது, புதுசு வாங்குங்கோ, சுத்தியலால அடிச்சு இறக்காதேங்கோ). பேந்து டைனமோவில இருக்கிற ரெண்டு வயரையும் கழட்டிப்போட்டு, பற்றரி பொசிற்றிவ்வில இருந்து ஒரு வயர் கொண்டுவந்து எஃப் எண்டு போட்ட சின்னக் கம்பத்தில சும்மா தட்டித் தட்டி எடுங்கோ. சின்னதாப் பொறி வரும். அவ்வளவுதான். கட்டாயம் வயரைக் கழட்டிப்போட்டுத்தான் செய்ய வேணும், டைனமோ கரண்டைக் கட்டுப்படுத்துற கன்ட்ரோல் பொக்ஸ் பக்கம் கரண்ட் போனா அதிண்ட கொண்டாக்ட் ஒட்டிப்போகும். இதைச் செய்யாமல் கொழுவினாலும் அந்தப் பெட்டிதான் எரியும்.

கொயிலைக் கனபேர் விடுறவை, ஏனெண்டா மாத்தாட்டிலும் கார் ஸ்ராட் ஆகும். ஆனா பிளக்கில நடுக்கம்பிதான் கூடச் சூடு, அந்தச் சூட்டுப் பக்கத்தில இருந்து எலெக்ட்ரோன் பாயுறது சுகம், அதால நடுக்கம்பி எப்பவும் நெகற்றிவ்வா இருக்க வேணும். மாறி இருந்தா ஸ்பாக்குக்கு கூட வோல்ற் தேவை. யாழ்ப்பாணத்துக்குள்ள ஓடேக்க தெரியாது, இங்க ஏத்தமே இல்லையே, ஏ9 ரோட்டில ஆக்களையும் ஏத்திக்கொண்டு வவுனியாப் பக்கம் இழுத்துப் பாருங்கோ, அப்ப இருமும். பழைய லூக்காஸ் கொயிலில எஸ்டபிள்யூ, சிபி எண்டு போட்டிருக்கும், ரெண்டு வயரையும் மாறிக் கொழுவினாச் சரி. பிளஸ் மைனஸ் போட்ட கொயில் எண்டா மைனஸ் டிஸ்ரிபியூட்டருக்கு.

இப்ப வருவினம், "ஒறிஜினல் போச்சே" எண்டு. பிரிட்டிஷ்காரர் 1930களிலதான் பொசிற்றிவ் ஏர்த்துக்குப் போனவை, 60களில டயோட் வைச்ச ஓல்ரனேற்றர் வர அவையளே திரும்பி நெகற்றிவ்வுக்கு வந்திட்டினம். செய்தவனே விட்டதை நான் பிடிச்சுக்கொண்டு நிக்க வேணுமோ? ஒரு வயரும் வெட்டேல்லை, வேணுமெண்டா நாளைக்கே திருப்பி மாத்தலாம். மாத்தவே வேண்டாம் எண்டு இருக்கிற ஆக்களோட எனக்குச் சண்டையில்லை. புதுச் சாமான் பூட்டுறேல்லையெண்டா பொசிற்றிவ் ஏர்த்தால ஒரு குறையும் இல்லை, அப்பா அவ்வளவு காலமும் அதிலதான் ஓடினவர்.

ஒறிஜினல் எண்டு கத்திற அதே ஆக்கள்தான் கலியாணத்துக்குக் கார் கேட்டு வருகினம். தந்தா, கமராக்காரர் மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் போனற்றில ஏத்தி இருத்துறார். பூவை ஒட்டுற ரேப்பைப் பிச்சு எடுக்கேக்க பெயின்ரும் சேர்ந்து வருது, கேட்டா "பழைய கார்தானே அண்ணை" எண்டு சிரிக்கினம். வெளிநாட்டில இருந்து வந்தவை எண்டா இன்னும் மோசம், ஸ்ரியறிங்கைப் பிடிச்சுக்கொண்டு ஃபோட்டோ எடுத்துப்போட்டு, இதை வித்திட்டு ஒரு ஓட்டோ வாங்கலாமே எண்டு புத்தி வேற சொல்லுவினம். இப்ப நான் ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை.

பழைய ரேடியோ காரிலயே கிடந்தா மாத்த முந்திக் கழட்டிப்போடுங்கோ, இல்லாட்டி எரிஞ்சுபோகும். அம்மீட்டர் இருந்து ஊசி தலைகீழாக் காட்டினா அதிண்ட பின்னால ரெண்டு வயரையும் மாத்திக் கொழுவுங்கோ. மொறிஸ் மைனர்க்காரர் ஆராவது இதை வாசிச்சா, உங்கட எஸ்யூ பெற்றோல் பம்புக்குள்ள பழைய பொயின்ற்தானோ, இல்லை பிறகு ஆராவது எலெக்ட்ரோனிக்கா மாத்தினதோ எண்டு பாத்திட்டுக் கைவையுங்கோ.