‘எனக்கென்ன விசரா?’ என்கிறார் கணவர்

கேள்வி: எனக்கு 38 வயது. உப்புவெளியில் இருக்கிறோம். கணவர் கத்தாரில் 11 வருடம் வேலை செய்துவிட்டுப் போன வருடம் ஒரேயடியாக வந்துவிட்டார். ஃபோனில் தினமும் அன்பாகக் கதைத்தவர், இப்போது ஒரே வீட்டில் இருந்தும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ஏதாவது கேட்டால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விடுவார். திரும்பி வந்ததும் நான் கத்துவேன். பிள்ளைகள் இருவரும் அறைக்குள் ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு இரவில் நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது. உளவளத்துணைக்குப் போவோம் என்றால் ‘எனக்கென்ன விசரா?’ என்கிறார். வெறுமனே கதைப்பதால் இது சரியாகுமா, டொக்டர்?

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் படபடப்பைப் பார்ப்போம். இரத்தச்சோகையும் தைரொயிட் கோளாறும் இதே மாதிரி நித்திரையைக் கெடுக்கும், நெஞ்சை அடிக்க வைக்கும், சட்டென்று கோபமும் வரும். பிரஷரைப் பார்த்து, இரத்தப் பரிசோதனை ஒன்றும் செய்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் கணவரின் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

சரி, இனி அவர் விஷயம். அவரை நான் பார்த்ததில்லை, உங்கள் பக்கம் மட்டும்தான் தெரியும். ஆனால் 11 வருடமாகப் பள்ளிக்கூடம், வங்கி, கரண்ட் பில், ஒழுகுகிற கூரை எல்லாவற்றையும் நீங்கள் தனியாகவே பார்த்திருப்பீர்கள். அவர் வந்து இறங்கிய வீட்டில் அவர் செய்வதற்கென்று ஒரு வேலையும் மிச்சம் இல்லை. பிள்ளைகளும் எது வேண்டுமானாலும் உங்களிடம்தான் கேட்கிறார்கள். சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி இருப்பது லேசான காரியம் இல்லை. ஃபோனில் கதைத்த அந்த அரை மணி நேரத்தில் இருவருமே நல்ல பக்கத்தை மட்டும் காட்டியிருப்பீர்கள். இப்போதுதான் நாள் முழுவதும் சேர்ந்து வாழப் பழகுகிறீர்கள்.

உளவளத்துணை என்றால் யார் பக்கம் பிழை என்று தீர்ப்புச் சொல்லும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வேலைக்கு நம் குடும்பங்களில் பெரியப்பாக்கள் இருக்கிறார்கள்! ‘பொறுத்துப் போ பிள்ளை’ என்பார்கள், பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கக் கதை போய்விடும். நல்ல உளவளத்துணையாளர் அப்படிச் செய்யமாட்டார். பெரும்பாலும் முதலில் இருவரையும் சேர்த்துப் பார்ப்பார், பிறகு தனித்தனியாக. அதன்பின் போன கிழமை நடந்த ஒரு சண்டையை எடுத்து மெதுவாகப் பிரித்துப் பார்ப்பார். ‘எங்கே போனீங்கள்?’ என்று நீங்கள் கேட்டது அவர் காதில் குற்றச்சாட்டாக விழுந்திருக்கும். அவர் எழும்பிப் போனது ‘நீ எனக்கு வேண்டாம்’ என்று உங்களுக்குப் பட்டிருக்கும். நீங்கள் துரத்தத் துரத்த அவர் விலகுவார், அவர் விலக விலக நீங்கள் இன்னும் கத்துவீர்கள். கத்தலுக்குக் கீழே உங்களுக்கு இருக்கும் பயத்தை அவர் ஒருதரம் காது கொடுத்துக் கேட்டாலே பாதி இறுக்கம் தளரும். 1980களில் உளவியலாளர்கள் சூ ஜோன்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் தம்பதிகளுக்கென்று உருவாக்கிய சிகிச்சை முறையின் அடிப்படையே இதுதான்.

சரியாகுமா என்று கேட்டீர்கள். அமெரிக்காவில் கடுமையான பிணக்கில் இருந்த 134 தம்பதிகளுக்கு, இதே முறை இல்லை, வேறு வகைத் தம்பதிச் சிகிச்சை கொடுத்து, ஐந்து வருடம் கழித்தும் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு நல்ல முன்னேற்றம். கால்வாசிக்குச் சற்று மேற்பட்டோர் பிரிந்துவிட்டார்கள். மந்திரம் இல்லை, ஆனால் ‘வெறும் கதை’யும் இல்லை. ஒரு தடவை போய்விட்டு விட்டுவிட்டால் பலன் கிடைக்காது, சில மாதங்களாவது எடுக்கும்.

‘உங்களுக்கு வைத்தியம் வேண்டும்’ என்ற தொனியில் கேட்டால் எந்த ஆணும் வரமாட்டார். ‘எனக்கு நித்திரை வருகுதில்லை, துணைக்கு வாங்கோ’ என்று கேட்டுப் பாருங்கள், அது உண்மையும்தான். அப்படியும் மறுத்தால் நீங்கள் தனியாகப் போங்கள். ஒருவர் பழகிய விதத்தை மாற்றும்போது மற்றவரும் பழையபடியே நடக்க முடியாது.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் உளநலப் பிரிவைக் கேளுங்கள், அரச வைத்தியசாலை என்பதால் காசு இல்லை. உங்கள் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்திலும் உளவளத்துணை உத்தியோகத்தர் பற்றி விசாரிக்கலாம். தமிழில் கதைப்பவர் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், மனசில் இருப்பதை மொழிபெயர்த்துச் சொல்ல முடியாது. நேரில் போகத் தயக்கம் என்றால் 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு எடுக்கலாம்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை, அதனால் கேட்கிறேன்: கை நீட்டுகிறாரா? மிரட்டுகிறாரா? அப்படியென்றால் சேர்ந்து உட்கார்ந்து கதைக்கும் சிகிச்சை இப்போது வேண்டாம். அங்கே நீங்கள் வாய் திறந்ததற்கு வீட்டில் அடி விழலாம். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் ‘நட்பு நிலையம்’ என்று இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். குடி இருந்தால் அதற்கான வைத்தியத்தையும் கூடவே தொடங்க வேண்டும்.

இதொன்றும் இல்லையென்றால், அவர் கடற்கரைக்குப் போவதை நிறுத்தப் பார்க்காதீர்கள். சண்டையில் நெஞ்சு வேகமாக அடிக்கும்போது யாராலும் நிதானமாகக் கதைக்க முடியாது, அடங்க இருபது நிமிடமாவது வேண்டும். போகும்போது ‘ஒரு மணித்தியாலத்தில் வாறன்’ என்று சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். வந்ததும் தேத்தண்ணியைக் கொடுங்கள், கேள்வியைப் பிறகு கேட்கலாம். இரத்தப் பரிசோதனை முடிவு கையில் கிடைத்ததும் அதையும் எழுதி அனுப்புங்கள்.