கோலாலம்பூரில் நீண்டகால சிகிச்சைக்கு நம்பகமான உளவியலாளரைத் தேடுவது எப்படி? தமிழில் பேசுபவர் கிடைப்பாரா?

இரண்டு உளவியலாளர்களிடம் போய், நாலைந்து அமர்வோடு நின்றுபோனது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி நிற்பதற்கு ஆள் சரியில்லை என்பது மட்டுமே காரணமாக இருக்காது. பல சமயம் காசு தீர்ந்துபோகும். இல்லையென்றால் மாலை ஆறு மணி அமர்வுக்கு ஃபெடரல் ஹைவே நெரிசலில் போய் அலுத்துப்போகும். அதனால் முதலில் கணக்கைப் போடுங்கள், ஆளைப் பிறகு தேடலாம்.

கோலாலம்பூர் வட்டாரத்தில் தனியார் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள் (மருத்துவ உளவியலாளர்கள்) 50, 60 நிமிட அமர்வுக்குப் பெரும்பாலும் 200 முதல் 400 வெள்ளி (ரிங்கிட்) வரை வாங்குகிறார்கள். வாரம் ஒருமுறை 250 வெள்ளி என்றால் ஆறு மாதத்துக்கு 6,500 வெள்ளி. முதல் எட்டு அமர்வு வாரம் ஒருமுறை, பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை என்று தொடக்கத்திலேயே பேசிவைத்தால் தாக்குப்பிடிக்கும். முழு உடல் பரிசோதனைக்கான வருமானவரிக் கழிவில் மனநல ஆலோசனைச் செலவும் அடங்கும், உச்சவரம்பு 1,000 வெள்ளி. பதிவு பெற்றவர் கொடுத்த ரசீதுதான் செல்லும். வேலையிடத்தில் இலவச ஆலோசனை இருந்தாலும் அது சில அமர்வுகளோடு முடிந்துவிடும். ஆள் பிடித்துப்போனால் சொந்தக் காசில் அவரிடமே தொடர முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள்.

அரசு வழியில் செலவு மிகக் குறைவு. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) கடிதம் வாங்கி, மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய், அங்கிருந்து உளவியலாளரிடம் அனுப்பப்பட வேண்டும். முறை வருவதற்கு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆகலாம். மருந்தும் தேவைப்படுபவருக்கு இது நல்ல வழி, வாராவாரம் பேச வேண்டியவருக்குப் போதாது. பல்கலைக்கழகப் பயிற்சி மையங்களில் முதுகலை மாணவர்கள் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்துக்குப் பார்ப்பார்கள். பயிற்சி முடிந்ததும் அவர் போய்விடுவார், எத்தனை மாதம் இருப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பதிவு. நம்மவர்கள் ஏமாறுவது இங்கேதான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று தொழில் செய்ய 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின் (சட்டம் 774) கீழ் பதிவு வேண்டும். கவுன்சலருக்கு, அதாவது மனநல ஆலோசகருக்கு, 1998-இன் கவுன்சலர் சட்டம் (சட்டம் 580), பதிவு செய்வது லெம்பாகா கவுன்சலர் மலேசியா என்ற வாரியம். கவுன்சலர்கள் பெயருக்குப் பின்னால் கே.பி. (KB), பி.ஏ. (PA) என்று போடுவார்கள். முதலாவது பதிவு, இரண்டாவது தொழில் நடத்துவதற்கான சான்று. இரண்டும் இருக்க வேண்டும். இங்கே பி.ஏ. என்பது நம் இளங்கலைப் பட்டம் அல்ல! ‘லைஃப் கோச்’, ‘ஹிப்னோதெரபிஸ்ட்’, ‘ஹீலர்’ போன்ற பெயர்கள் இந்த இரண்டு சட்டங்களுக்குள்ளும் வராது. பதிவு எண்ணைக் கேட்டதும் முகம் மாறுகிறவரை விட்டுவிடுங்கள்.

தமிழ் விஷயம் பலர் நினைப்பதைவிடப் பெரியது. “நெஞ்சு அடைக்குது” என்று நாம் சொல்வது ஆங்கிலத்தில் ‘செஸ்ட் பெய்ன்’ ஆகி, இசிஜி எடுக்கச் சொல்வதில் முடியும். “மனசு விட்டுப்போச்சு” என்பதை மலாயில் சொல்லிப் பாருங்கள், பாதி காணாமல் போயிருக்கும். தமிழ் பேசும் உளவியலாளர்கள் இருக்கிறார்கள், ஆனால் எண்ணிக்கை குறைவு. போனில் “தமிழ் தெரியுமா?” என்று கேட்காதீர்கள், தெரியும் என்றுதான் பதில் வரும். “அமர்வு முழுவதும் தமிழில் நடத்துவீர்களா?” என்று கேளுங்கள். தமிழர் வட்டம் சின்னது என்பதையும் மறக்க வேண்டாம். அவர் உங்கள் கோயில் கமிட்டியில் இருக்கலாம், சித்தப்பாவுக்குத் தெரிந்தவராக இருக்கலாம். அப்படியென்றால் அவரே விலகி இன்னொருவரிடம் அனுப்ப வேண்டும். “குடும்பத்தை எனக்கு நல்லாத் தெரியும், பரவாயில்லை” என்பவரிடம் போகாதீர்கள்.

அதே போனில் இன்னும் மூன்று கேள்வி: என் பிரச்சினைக்கு எந்த முறையில் வேலை செய்வீர்கள், எத்தனை அமர்வுக்கு ஒருமுறை முன்னேற்றத்தைப் பார்ப்போம், கடைசி நேரத்தில் ரத்து செய்தால் என்ன கட்டணம். சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) என்றால் 12 முதல் 20 அமர்வு வழக்கம். சிறுவயதுக் காயம், உறவுகளில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல் என்றால் ஒரு வருடத்துக்கு மேலும் போகலாம்.

முதல் அமர்வில் ஒப்புதல் படிவம் தருவார்கள். கையெழுத்துக்கு முன் ரகசியம் எப்போது மீறப்படும் என்ற பகுதியைப் படியுங்கள். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு ஆகியவை இருக்கும். அம்மா போன் செய்து “புள்ள எப்படி இருக்கான்?” என்று கேட்டால் என்ன சொல்வார் என்பதையும் கேளுங்கள். உங்கள் அனுமதி இல்லாமல் எதுவும் சொல்ல மாட்டேன் என்பதே சரியான பதில்.

முதல் அமர்விலேயே நிம்மதி கிடைக்காது. சில நாள் கூடுதலாகக் கனத்துப்போய் வெளியே வருவீர்கள், அது தவறல்ல. நாலாவது அமர்வு முடிந்ததும் எடைபோடுங்கள்: போன வாரம் சொன்னது அவருக்கு நினைவிருக்கிறதா? “நீங்க சொன்னது எனக்கு வலிச்சது” என்று அவரிடமே சொல்ல முடிகிறதா? சொன்னதும் கேட்டுக்கொண்டாரா, தன்னை நியாயப்படுத்தினாரா? இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது.

இருபது அமர்வுக்கு முன்பணம் கேட்பவர், குணமாகும் என்று உத்தரவாதம் தருபவர், மனநல மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்தச் சொல்பவர், தன் சொந்தக் கதையை உங்களிடம் கொட்டுபவர், அமர்வுக்கு வெளியே சந்திக்கக் கூப்பிடுபவர் என்றால் நாலு அமர்வெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை.

தேடிக்கொண்டிருக்கும்போதே நிலைமை மோசமானால் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, அல்லது தாலியான் ஹீல் 15555 என்ற உதவி எண்ணில் பேசுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஒருவரை விட்டு மாறுவதென்றால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். கடைசியாக ஓர் அமர்வு வைத்து, அதுவரை செய்ததைச் சுருக்கமாக ஒரு கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். புதியவரிடம் மறுபடியும் குழந்தைப் பருவத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது.