சான்றிதழுக்குப் பணம் கட்டினால் மக்கள் தொடர்பு வேலை கிடைக்குமா?

கேள்வி: இலக்கியத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றிருக்கிறேன். மக்கள் தொடர்புத் துறையில் சேர விரும்புகிறேன். விண்ணப்பிக்கும் இடங்களிலெல்லாம் முன் அனுபவம் கேட்கிறார்கள். பயிற்சி மையம் ஒன்றின் முகவரோ, ஆறு மாதப் படிப்புக்கான கட்டணம் முழுவதையும் இந்த வாரத்துக்குள் கட்டிவிட்டால் சான்றிதழும் பெரிய மக்கள் தொடர்பு ஏஜென்சி ஒன்றில் வேலையும் உறுதி என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். மக்கள் தொடர்புப் பணிக்கு, மருத்துவத்துக்கும் வழக்கறிஞர் தொழிலுக்கும் இருப்பதைப் போன்ற கட்டாய உரிமம் பெரும்பாலான நாடுகளில் கிடையாது. பிரேசில், நைஜீரியா போன்ற சில நாடுகளில் மட்டுமே சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். எனவே முகவர் காட்டும் சான்றிதழ் எந்தக் கதவையும் தானாகத் திறந்துவிடாது. அவர் சொல்லும் வேலை உண்மையிலேயே இருக்கிறது என்றால், அதை ஏஜென்சியின் கடிதத்தாளில், ஏஜென்சியின் கையொப்பத்துடன் எழுதித் தரச் சொல்லுங்கள். "அதெல்லாம் சேர்ந்த பிறகு" என்று அவர் இழுத்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இந்த வாரத்துக்குள் கட்ட வேண்டும் என்ற அவசரமே சந்தேகத்துக்குரியது.

இதே கூட்டத்தின் இன்னொரு கிளை, பயிற்சிப் பணிக்கு இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லி உங்களிடமே தரகு வாங்கும். சம்பளம் இல்லாமல் உழைப்பது ஒரு நஷ்டம். உழைப்பதற்காகப் பணமும் கொடுப்பது இரட்டை நஷ்டம். மூன்றாவது கிளை, "உங்கள் செய்தி நிச்சயம் வெளியாகும்" என்று கட்டணத் தொகுப்பு விற்கும். அப்படி வெளியாவது விளம்பரம்தான். அந்தப் பத்திரிகை வெட்டுத்துண்டை உங்கள் சாதனையாக நேர்காணலில் நீட்டினால், அனுபவம் உள்ள எவரும் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். இத்தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரான ஐவி லீ, 1906இல் பத்திரிகைகளுக்கு அனுப்பிய கொள்கை அறிக்கையிலேயே, தாங்கள் விளம்பர நிறுவனம் அல்லர் என்றும், தாங்கள் அனுப்புவது விளம்பரப் பிரிவுக்குரியது என்று தோன்றினால் அதைப் பயன்படுத்தவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். நூறாண்டுகளுக்கு மேலாகியும் செய்திக்கும் விளம்பரத்துக்கும் இடையிலான அந்த எல்லைக்கோட்டை அழித்து அழித்துப் பிழைப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

பயிற்சி வகுப்பே வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். செய்தி நடையில் எழுதிப் பழகாத இலக்கிய மாணவருக்கு, ஒவ்வொரு வாரமும் எழுத வைத்து, எழுதியதைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பித் தரும் ஆசிரியர் கிடைத்தால், அந்த வகுப்புக்குக் கட்டணம் செலுத்துவது தகும். ஆனால் அந்த ஆசிரியர் செய்தியறையிலோ ஏஜென்சியிலோ வேலை செய்தவராக இருக்க வேண்டும். வகுப்பில் திருத்தித் தரும் அளவுக்கே ஆட்கள் இருக்க வேண்டும். கட்டணத்தைத் தவணையாகச் செலுத்த முடிய வேண்டும். ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுக்க உங்களை அனுமதிக்க வேண்டும். முன்பு படித்த மாணவர் ஒருவரின் திருத்தப்பட்ட பயிற்சித் தாளைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். தாளில் திருத்தமே இல்லாமல் "நன்று" என்று மட்டும் இருந்தால், அந்த வகுப்பு உங்களுக்கு உதவாது.

அனுபவம் இல்லாதவரிடம் அனுபவம் கேட்கும் நிறுவனங்களின் போக்கு எனக்கும் எரிச்சல் ஊட்டுவதே. தொடக்க நிலைப் பணிக்கு இரண்டாண்டு அனுபவம் வேண்டும் என்று விளம்பரம் எழுதுபவர், தம் முதல் நாளை மறந்துவிட்டார் போலும். ஆயினும் அந்தத் தடையைத் தாண்ட வழி உண்டு. உங்களுக்குத் தெரிந்த ஒரு தொண்டு அமைப்புக்கோ, நூலகத்துக்கோ, சிறு வணிகருக்கோ, பத்திரிகைகளுக்கு அனுப்பும் செய்திக்குறிப்பு எழுதித் தாருங்கள். "நூலக வரலாற்றில் புதிய மைல்கல்" என்று தலைப்பிடாதீர்கள். "இனி ஞாயிற்றுக்கிழமையும் நூலகம் திறந்திருக்கும்" என்று எழுதுங்கள். எப்போதிலிருந்து, எத்தனை மணி வரை, யாருக்கு என்பவை முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். தலைவரின் மேற்கோள் அதற்குப் பிறகுதான். அதிலும் "பெருமகிழ்ச்சி அடைகிறோம்" என்பதை அடித்துவிட்டு, அவர் உண்மையில் சொன்ன ஒரு தகவலை வையுங்கள். கடைசியில், நிருபர் அழைத்தால் எடுத்துப் பேசக்கூடிய ஒருவரின் தொலைபேசி எண் இருக்கட்டும். பிறகு, நகரச் செய்திகளை எழுதும் நிருபர் யார் என்று பார்த்து, அவர் ஒருவருக்கே அனுப்புங்கள். இருநூறு பேருக்கு ஒரே மின்னஞ்சலை வீசுவது நிருபர்களை எரிச்சலூட்டும் பழக்கம். இப்படி மூன்று குறிப்புகளும், அவற்றுள் ஒன்றாவது வெளியான சான்றும் இருந்தால், ஆறு மாதச் சான்றிதழை விட அவற்றுக்கே மதிப்பு அதிகம்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் நீங்களும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். உங்கள் வரைவுகளை யார் படித்துத் திருத்துவார் என்பது முதல் கேள்வி. வேலையின் பலனை எப்படி அளக்கிறார்கள் என்பது இரண்டாவது. வெளியான செய்தியின் இடத்தை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, "இத்தனை மதிப்பு" என்று வாடிக்கையாளரிடம் காட்டும் கணக்கை, இத்துறையின் பலனை அளப்பதற்காக 2010இல் சர்வதேச அளவில் வகுக்கப்பட்ட பார்சிலோனா கொள்கைகள் மக்கள் தொடர்பின் மதிப்பாகாது என்று வெளிப்படையாக நிராகரித்தன. இருந்தும் பல அலுவலகங்களில் மாத இறுதி அறிக்கை அந்தக் கணக்கோடுதான் போகிறது. அந்த ஒன்றுக்காக வேலையை மறுக்க வேண்டாம். ஆனால் முதல் கேள்விக்கு "இங்கே எல்லோரும் தாமாகவே கற்றுக்கொள்வார்கள்" என்று பதில் வந்தால், வேறு இடம் பார்ப்பது நல்லது.

முகவரிடம் முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால், திருப்பித் தருமாறு இன்றே எழுத்துமூலம் கேளுங்கள். தொலைபேசியில் பேசியதற்குச் சாட்சி இராது.