ஓபன்எஸ்எஸ்எல்-ல பப்ளிக் கீ கான்டெக்ஸ்ட் ஒண்ணு மட்டும் உருவாக்கி எல்லா த்ரெட்டுக்கும் வெச்சுக்கலாமா? எப்போ ஃப்ரீ பண்ணனும்?

வெச்சுக்காதீங்க. ஓபன்எஸ்எஸ்எல்ங்கறது என்க்ரிப்ஷன், டிஜிட்டல் கையெழுத்து வேலைக்கான லைப்ரரி. அதுல கீய பொதுவா வெச்சுக்கலாம், கான்டெக்ஸ்ட (அந்தக் கீய வெச்சு செய்யற ஒரு வேலையோட விவரம் இருக்கற இடம்) கூடாது, ஒரே நேரத்துல ரெண்டு த்ரெட் (ப்ரோக்ராமுக்குள்ள பக்கத்துல பக்கத்துல ஓடற வேலைகள்) கான்டெக்ஸ்டைத் தொடக் கூடாதுன்னு அவங்க மேனுவல்லயே கண்டிப்பா எழுதியிருக்கு.

நான் பெங்களூர்ல பேமென்ட் சைடுல வேலை பாக்குறேன். கான்டெக்ஸ்ட் உருவாக்க நேரமாகும்னு நினைச்சு ஸ்டார்ட்அப்லயே ஒண்ணு போட்டு குளோபலா வெச்சிருந்தேன். டெஸ்ட்ல எல்லாம் சரியாத்தான் போச்சு, லோடு ஏறினதும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ ப்ராசஸ் செத்துச்சு. டீம்ல இருந்த திருநெல்வேலி அண்ணன் கோட்ட ஒரு தடவ பாத்துட்டு, "ஏல, கீய ஷேர் பண்ணு, கான்டெக்ஸ்ட எதுக்குல ஷேர் பண்ணுத?"ன்னு கேட்டார்.

இங்க பெங்களூர் தர்ஷினில (நின்னுட்டே சாப்பிடற சின்ன ஹோட்டல்) பில் சீட்டு தருவாங்கல்ல, கான்டெக்ஸ்ட் அது மாதிரி. எந்த கீ, சைனா (கையெழுத்து போடறது) வெரிஃபையா (அதை சரிபாக்கறது), பேடிங் (கையெழுத்துக்கு முன்னாடி டேட்டாவ நிரப்பற முறை) பிஎஸ்எஸ்ஸா பிகேசிஎஸ்1-ஆ, எந்த ஹேஷ் (டேட்டாவோட சுருக்க அடையாளம்), எல்லாம் அந்தச் சீட்டுலதான் எழுதியிருக்கும். ஒரு த்ரெட் சைன் பண்ணிட்டு இருக்கும்போது இன்னொண்ணு அதே கான்டெக்ஸ்ட்ல சைன் இனிட் (சைனுக்குத் தயார் பண்ற ஃபங்ஷன்) கூப்பிட்டா ஓபன்எஸ்எஸ்எல் 3.0-ல பழைய உள்விவரத்த ஃப்ரீ பண்ணிட்டுத்தான் புதுசு போடும், அப்புறம் முதல் த்ரெட் கைல இருக்கறது செத்த மெமரி. அதனால த்ரெட்டுக்கு ஒண்ணு வெச்சுக்கோங்க, செட்டிங் மாறலன்னா ஒரு தடவ இனிட் பண்ணிட்டு அதே கான்டெக்ஸ்ட்ல சைன் எத்தனை தடவ வேணா கூப்பிடலாம், நான் பயந்த நேரச் செலவும் அதோட போச்சு.

ஃப்ரீ பண்றதப் பத்தி, அதாவது மெமரிய திருப்பிக் குடுக்கறது. நீங்க நியூ-ன்னோ (புதுசா உருவாக்க) டியூப்-ன்னோ (நகல் எடுக்க) கூப்பிட்டு வாங்கினத நீங்கதான் ஃப்ரீ பண்ணனும், எரர் வந்து பாதில வெளிய போற வழிலயும் சேத்து. நல் பாயின்டர (எதையும் காட்டாத வெத்து முகவரி) குடுத்தா ஒண்ணும் ஆகாது, அதனால ஆரம்பத்துல நல் போட்டுட்டு கடைசில ஒரே இடத்துல ஃப்ரீ பண்ணிடுங்க. கீய வெச்சு கான்டெக்ஸ்ட் உருவாக்கும்போது கீயோட ரெஃபரன்ஸ் கவுன்ட் (அதை எத்தனை பேர் பிடிச்சிருக்காங்கங்கற எண்ணிக்கை) ஒண்ணு கூடும், அதனால உங்க கைல இருக்கற கீய நீங்க முன்னாடியே ஃப்ரீ பண்ணிட்டாலும் கான்டெக்ஸ்ட் தாங்கும்.

நான் விழுந்த இன்னொரு குழி டைஜஸ்ட்சைன்இனிட், ஹேஷும் சைனும் சேத்து செய்யத் தயார் பண்ற ஃபங்ஷன். அது திருப்பித் தர பிகீ கான்டெக்ஸ்ட் (நாம பேசிட்டு இருக்கற பப்ளிக் கீ கான்டெக்ஸ்ட்) நம்மளது இல்லங்க, ஹேஷ் வேலைய வெச்சிருக்கற எம்டி கான்டெக்ஸ்டுக்குச் சொந்தம். பேடிங் செட் பண்ணிட்டு விட்டுடணும், நான் பொறுப்பா ஃப்ரீ பண்ணேன், எம்டி கான்டெக்ஸ்டும் போறப்ப அதையே ஃப்ரீ பண்ணுச்சு, டெர்மினல்ல "டபுள் ஃப்ரீ டிடெக்டட் இன் டிகேஷ் 2"ன்னு, ஒரே மெமரிய ரெண்டு தடவ ஃப்ரீ பண்ணிட்டேங்கற எரர் வந்து நின்னுச்சு.

ரிட்டர்ன் வேல்யூவையும் ஒழுங்கா பாருங்க, இது செக்யூரிட்டி விஷயம். வெரிஃபை 1 தந்தா மட்டும்தான் கையெழுத்து சரி, 0-ன்னா பொருந்தல, நெகட்டிவ்னா வேற கோளாறு, -2-ன்னா அந்த அல்காரிதம் இந்த வேலைய செய்யாது. சி-ல நெகட்டிவும் ட்ரூதான், வெறும் இஃப் போட்டு வெச்சா கோளாறு வர நேரத்துல போலி கையெழுத்தும் பாஸாயிடும், ஒண்ணுக்குச் சமமான்னு எழுதிக் கேளுங்க.