குடும்பப் படத்துக்கு நகை, பூ, கண்ணாடி, வாட்ச்: கேள்வி-பதில்

தை, மாசி வந்துவிட்டால் டெல்டா முழுக்கக் கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம்தான். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் ஊரில் கூடும் சமயம் என்பதால் குடும்பப் படம் எடுப்பதும் அப்போதுதான் நடக்கும். கும்பகோணத்தில் படம் எடுப்பதே தொழிலாக இருக்கும் என்னிடம் பலரும் கேட்பது நகையையும் பூவையும் பற்றி. புடவையை யோசித்து யோசித்து எடுத்துவிடுகிறோம். மற்றதெல்லாம் கிளம்பும் அவசரத்தில் கைக்குக் கிடைத்தது என்று ஆகிவிடுகிறது.

அப்பாவுக்குத் திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி. அம்மாவிடம் அட்டிகை, காசுமாலை, மாங்காய் மாலை மூன்றும் இருக்கின்றன. குடும்பப் படத்துக்கு எதைப் போடச் சொல்லலாம்?
*மன்னார்குடி வாசகி*

எந்த நேரத்தில் படம் எடுப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். கலச அபிஷேகத்தில் அப்பா, அம்மா இருவரும் தலையோடு நனைந்துவிடுவார்கள். அதற்கப்புறம் புதுப்புடவை, புதுவேட்டி மாற்றிக்கொண்டு வந்து மாங்கல்ய தாரணம். அப்போது கழுத்தில் விழும் பூமாலை மார்பு முழுவதையும் மூடிவிடும். அட்டிகை போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் படத்தில் ஒன்றுதான். மாலையோடு எடுக்கும் படத்தில் தெரிவது தோடு, மூக்குத்தி, வளையல் மட்டும்தான். அவற்றில் கவனம் வையுங்கள்.

மாலையைக் கழற்றிவிட்டும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பிற்காலத்தில் சுவரில் மாட்டத் தோன்றுவது பெரும்பாலும் அந்தப் படமாகத்தான் இருக்கும். அதற்குக் கழுத்தை ஒட்டி ஒன்று, நீளமாக ஒன்று, அதோடு தாலிக்கொடி. போதும். மூன்றையும் ஒன்றாகப் போட்டால் காசுமாலை மாங்காய் மாலைக்குள் சிக்கி, எது எது என்றே தெரியாது. என்னைக் கேட்டால் அட்டிகையும் காசுமாலையும் போடச் சொல்வேன். மாங்காய் மாலையை மகளோ மருமகளோ போட்டுக்கொள்ளட்டும். வீட்டு நகை நாலு கழுத்தில் பிரிந்து தெரிவதில் ஓர் அழகு இருக்கிறது.

நீளமான நகை எதுவானாலும் முந்தானை மடிப்பு தள்ளத் தள்ள ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். நேரில் கண்ணுக்குப் படாது, படத்தில் பளிச்சென்று தெரியும். சின்ன ஊக்கு ஒன்றால் பின்கழுத்தில் சங்கிலியை ரவிக்கையோடு பிடித்துவிடுங்கள். இடது பக்கம் மடிப்புக்கு மேலே நகை வருகிறதா என்று பார்த்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கெம்புக்கல் நகை, பின்பக்கம் மூடிக் கட்டிய கல் நகை எதையும் அபிஷேகத்தின்போது போட வேண்டாம். கல்லுக்கு அடியில் தண்ணீர் இறங்கினால் நிறம் மங்கிவிடும்.

பாட்டியின் ஏழு கல் வைரத்தோடு நேரில் ஜொலிக்கிறது. படத்தில் கறுப்புப் பொட்டு மாதிரி இருக்கிறது. ஏன்?
*மயிலாடுதுறை வாசகர்*

இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது அழுக்கு. தலைக்கு வைக்கும் எண்ணெயும் சோப்பும் கல்லுக்குப் பின்னால் படிந்துவிடும். பின்பக்கம் திறந்த கட்டு என்றால் பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் பின்பக்கத்தைத் தேய்த்தால் போய்விடும். மூடிய கட்டு என்றால் வீட்டில் கை வைக்காமல் பத்தரிடம் கொடுங்கள்.

இரண்டாவது வெளிச்சம். எதிரே ஏதாவது ஒரு வெளிச்சம் இருந்தால்தான் வைரம் மின்னும். மேகமூட்டமான நாளில் திறந்தவெளியில் எடுத்தால் ஊமையாகிவிடும். பாட்டியை ஜன்னலோரம் உட்காரவைத்து, முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். ஓரிடத்தில் கல் சட்டென்று தீப்பிடிக்கும். அங்கே நிறுத்தி எடுக்க வேண்டும். தங்கமும் கிட்டத்தட்ட இப்படித்தான். தன்னைச் சுற்றி இருப்பதைத்தான் அது காட்டும். செல்போன் ஃப்ளாஷ் போட்டால் நகையில் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும்.

எல்லாரும் ஒரே கலரில் உடுத்தி, எங்கள் வயல் வரப்பில் நின்று எடுக்க ஆசை. பச்சை யோசித்திருக்கிறோம்.
*திருத்துறைப்பூண்டி வாசகி*

மார்கழி வரை வேண்டாம். சம்பா பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும்போது பச்சைப் புடவை அதற்குள் கரைந்து முகம் மட்டும் மிதக்கும். அரக்கு, கடுகு மஞ்சள், கத்தரிப்பூ நிறம் எல்லாம் நன்றாக எடுத்துக் கொடுக்கும். தையில் கதிர் பழுத்துப் பொன்னிறம் ஆனபிறகு பச்சை அழகாக இருக்கும். அப்போது கடுகு மஞ்சளைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒரே கலர் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. சீருடை போட்ட கூட்டமாகத் தெரியும், அவரவர் சாயல் தெரியாது. புடவைகள் வேறு வேறாக இருக்கட்டும். ஒரு புடவையில் உள்ள நிறத்தை எடுத்து ஆண்களின் அங்கவஸ்திரக் கரையிலும் குழந்தையின் ரிப்பனிலும் கொண்டுவாருங்கள். திருபுவனம் பட்டில் அகலக் கரை இருந்தால் அதிலிருந்து ஒரு நிறம் எடுப்பது சுலபம். கூறைப்புடவை மாதிரி கட்டம் போட்டது என்றால் பக்கத்தில் நிற்பவர் கட்டமும் கோடும் இல்லாத சட்டை போடட்டும். பொடிக் கோடு, பொடிக் கட்டம் போட்ட சட்டை கேமராவில் அலையலையாக வந்து கண்ணைக் கூசும்.

காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை நாலரைக்கு மேல் வாருங்கள். உச்சி வெயிலில் அட்டிகையின் நிழலே கழுத்தில் கறுப்புக் கோடாக விழும்.

தாத்தாவின் மூக்குக்கண்ணாடியில் எப்போதும் வெளிச்சம் அடிக்கிறது. கழற்றிவிடலாமா?
*திருவாரூர் வாசகர்*

வேண்டாம். பேரப்பிள்ளைகள் பிறந்ததிலிருந்து கண்ணாடியோடுதான் அவரைப் பார்த்திருக்கிறார்கள். கழற்றினால் வேறு யாரோ மாதிரி இருப்பார், மூக்கின் மேல் தழும்பு வேறு தெரியும். கண்ணாடியின் கால்களைக் காதுக்கு மேல் ஒரு நூலளவு தூக்கிவிட்டால் சில்லு கொஞ்சம் கீழ்நோக்கிச் சாயும், வெளிச்சம் விலகிவிடும். விளக்கு நேர் எதிரே இல்லாமல் பக்கவாட்டில், உயரத்தில் இருக்கட்டும். வெயிலில் தானாகக் கறுக்கும் சில்லு என்றால் வெளியே எடுக்காதீர்கள், கண்ணே தெரியாது. பழைய கண்ணாடி இருந்தால் அதைப் போடலாம்.

அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. தம்பி கல்யாணத்துக்கு முன் குடும்பப் படம் எடுக்கப் போகிறோம். அம்மா நகை போடலாமா, பொட்டு வைக்கலாமா என்று உறவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
*பாபநாசம் வாசகி*

அம்மாவைக் கேளுங்கள். அவரைத் தவிர வேறு யாரையும் கேட்காதீர்கள். அதுவும் கூட்டத்தில் வைத்துக் கேட்காமல் தனியாக.

இந்தக் கேள்வி பல வீடுகளில் படம் எடுக்கும் நாளன்று காலையில்தான் எழுகிறது. அந்த நேரத்தில் அத்தை ஒன்று சொல்ல, சித்தி ஒன்று சொல்ல, அம்மா பேசாமல் போய்க் கடைசி வரிசையில் நின்றுவிடுவார். அந்தப் படத்தை அப்புறம் எத்தனை தடவை பார்த்தாலும் மனசு வலிக்கும். இதை நான் ரொம்பவும் பார்த்துவிட்டேன். அவர் மூக்குத்தியும் தோடும் சங்கிலியும் போட விரும்பினால் போடட்டும். பொட்டு வைக்க, பூ வைக்க ஆசை என்றால் வைக்கட்டும். ஒன்றும் வேண்டாம் என்றால் வற்புறுத்தவும் கூடாது. நல்ல நிறத்தில் ஒரு புடவையும், கையில் எப்போதும் கிடக்கும் வளையலும் போதும். எதுவானாலும் நடு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்களை நிறுத்துங்கள்.

அப்பாவின் வாட்ச் வீட்டில் இருந்தால் தம்பி கட்டிக்கொள்ளட்டும். ஓடாவிட்டாலும் பரவாயில்லை. சட்டைக்கையை ஒரு மடிப்பு ஏற்றிவிட்டு, அம்மாவின் தோளில் அந்தக் கையை வைக்கச் சொல்லுங்கள். ஃபிரேம் போட்ட அப்பாவின் படத்தைக் கையில் பிடித்து நிற்பதைவிட எனக்கு இது பிடிக்கும்.

கவரிங் நகை படத்தில் தெரியுமா?
*பட்டுக்கோட்டை வாசகி*

தனியாகப் போட்டால் தெரியாது. தங்கச் சங்கிலிக்குப் பக்கத்தில் போட்டால் இரண்டு மஞ்சளும் ஒட்டாது. ஒரு கழுத்தில் ஒரே வகையாகப் போடுங்கள், அவ்வளவுதான்.

தஞ்சாவூர் கதம்பம் வைத்துக்கொள்ளலாமா, வெறும் மல்லியா?
*வல்லம் வாசகி*

கதம்பம்தான். மருக்கொழுந்துப் பச்சையும் கனகாம்பரத்தின் ஆரஞ்சும் கறுப்புக் கூந்தலில் எடுப்பாகத் தெரியும். மல்லி மட்டும் வைத்தால் வெயிலில் வெள்ளைத் திட்டாகிவிடும். காலையில் வாங்கியது மாலைக்குள் பழுத்தும் போகும். மல்லிதான் வேண்டும் என்றால் மொட்டாக வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்து, படத்துக்கு முன்னால் வையுங்கள். ஆனால் நேராகப் பார்த்து எடுக்கும் படத்தில் தலைக்குப் பின்னால் இருக்கும் பூ தெரியவே தெரியாது. ஒரு முனையைத் தோளுக்கு முன்னால் தொங்கவிடுங்கள்.

எங்கள் வீட்டுப் பெண்கள் முக்காடு போட்டுத்தான் படம் எடுப்பார்கள். துப்பட்டாவில் எதைக் கவனிக்க வேண்டும்?
*கூத்தாநல்லூர் வாசகர்*

வழவழப்பான சாட்டின் துணி வெளிச்சத்தைத் திருப்பி அடித்து முகத்தை மங்கலாக்கும். பருத்தியோ ஷிஃபானோ நல்லது. நெற்றிக்கு நேராகப் பளபளக்கும் பின் குத்தாமல் காதோரம், துணியின் நிறத்திலேயே குத்துங்கள். எல்லாருடையதும் கறுப்பாக இருந்தால் பின்னணி வெளிர் நிறத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாது.

ஒன்றரை வயது மகளுக்கு நெத்திச்சுட்டி வைத்தாலே அழுகிறாள்.
*நாகப்பட்டினம் வாசகி*

வைக்காதீர்கள். பட்டுப் பாவாடை, கொலுசு, கன்னத்தில் ஒரு மைப்பொட்டு போதும். மடியில் உட்காரவைத்தால் கொலுசு அழகாகத் தெரியும். கழுத்துச் சங்கிலியைக் கடைசியில் போட்டு, படம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். வாய்க்குள் போட்டுக்கொள்வாள். அவள் உடுப்பில் ஊக்கு எங்கேயும் இருக்கக் கூடாது.

ஆண்களுக்கு எதுவுமே சொல்வதில்லையே?
*திருவையாறு வாசகர்*

சொல்கிறேன். சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துவிடுங்கள். அது இழுத்துச் சட்டையே ஒரு பக்கம் தொங்கும். ஸ்மார்ட் வாட்ச் திடீரென்று எரியும், அணைத்து வையுங்கள். வெள்ளை வேட்டிக்குள் கோடு போட்ட டிராயர் வேண்டாம், பின்னாலிருந்து வெயில் அடித்தால் அப்படியே தெரியும். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, கரை நேராகக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். அங்கவஸ்திரத்தை இஸ்திரி போட்டு, கரை வெளியே தெரிய மடித்து ஒரே தோளில் போடுங்கள். அண்ணன் தம்பி எல்லாரும் ஒரே பக்கத் தோளில்.