வைக்கோல் மடக்கிய வயலில் பயிர் வெளுப்பது

வைக்கோலை மடக்கி உழுது ஒரே வாரத்தில் நெல் நட்டேன், பயிர் மஞ்சளாகிறது என்கிறீர்கள். எந்த இலை என்று பாருங்கள். அடியிலுள்ள பழைய இலை நுனியிலிருந்து வெளுத்தால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவு. குருத்து வெளுத்தால் கதையே வேறு.

முதலாவதாகத்தான் இருக்கும். நெல் வைக்கோலில் தழைச்சத்து நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. கார்பனோ நூற்றில் நாற்பது பங்கு அளவுக்கு இருக்கும். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தம் உடம்பைக் கட்ட மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்கின்றன. அவை செத்து மட்கும்போது அது திரும்ப வரும், ஆனால் பயிர் பக்கத்தண்டு விட்டுத் தூர் கட்டும் பருவம் காத்திருக்காதே! தண்ணீரை வடித்து யூரியாவைக் கொஞ்சமாக மேலுரம் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி வரக்கூடும். அப்புறம், அடுத்த போகத்தில் மடக்கியபின் மூன்று வாரமாவது விட்டு நடுங்கள்.